மனநோய் சிகிச்சை: முதல் ஓர் ஆண்டை எப்படிக் கடப்பது

மனநோய்க்கான மருந்து பெரும்பாலும் இரண்டு சமயங்களில் நின்றுபோகிறது. வேலைசெய்ய ஆரம்பிக்கும் முன்பே, “பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் கேக்கலை” என்று. அல்லது நன்றாக வேலைசெய்த பிறகு, “இப்பதான் நல்லா இருக்காளே, இன்னும் எதுக்கு” என்று. இந்த இரண்டு இடங்களையும் தாண்டுவதுதான் குடும்பத்துக்குக் கடினமான வேலை. நோய்க்குப் பெயர் கண்டுபிடிப்பது மருத்துவரின் பாடு. தமிழ்நாட்டில் முதன்முறையாக ஒருவரை அழைத்துப்போகும் வீட்டாருக்காகவும், தானே போக நினைப்பவருக்காகவும் எழுதியது இது. மருந்துகளின் அளவைச் சொல்வது மருந்துச்சீட்டைப் புரிந்துகொள்வதற்காக மட்டும். வீட்டில் கூட்டவோ குறைக்கவோ அல்ல.

எப்போது போக வேண்டும்

மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு இரண்டு வாரம். பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம் ஆகியவை கெட்டு, “எல்லாம் என்னால்தான்” என்ற குற்ற உணர்வோ சாவைப் பற்றிய நினைப்போ சேர்ந்து, மொத்தம் ஐந்து அறிகுறிகளாவது இரண்டு வாரம் நீடித்தால் அது வெறும் கவலை இல்லை. நம் வீடுகளில் இது பெரும்பாலும் “மனசு சரியில்லை” என்று வருவதில்லை. தலைவலி, உடம்பு வலி, கேஸ் தொல்லை, நெஞ்சு படபடப்பு என்று வந்து, இசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து, “ஒன்றுமில்லை” என்ற பதிலோடு திரும்பும். மூன்றாவது ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன் மனநல மருத்துவரை ஒருமுறை பார்ப்பது மலிவு.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பெரும்பாலும் பதின்வயதின் பின்பகுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். குரல் கேட்பது பிறகுதான் தெரியவரும். அதற்குச் சில மாதங்கள் முன்பே படிப்பு சரியும், நண்பர்களோடு பேச்சு குறையும், குளிப்பதும் உடை மாற்றுவதும் நிற்கும், அறைக்கதவு சாத்தியே இருக்கும். மனச்சோர்வும் அளவுகடந்த எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறில் (பைபோலார்) எழுச்சிக் கட்டம் வந்தால் மூன்று மணிநேரம் மட்டும் தூங்கியும் களைப்பே தெரியாது. பேச்சு ஓயாது, பணம் தண்ணீராய்ச் செலவாகும். இது ஒரு வாரம் நீடித்தாலே காத்திருக்கக் கூடாது. சுத்தம் பார்ப்பதும் சரிபார்ப்பதும் நாளில் ஒரு மணிநேரத்துக்குமேல் தின்றால் அது ஓசிடியாக, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் நோயாக, இருக்கலாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை மருத்துவர்கள் தடுப்பதில்லை. தடுக்கவேண்டியது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதையும் கட்டிவைப்பதையும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பின்னாளில் அந்த ஊர் தர்காவில், பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி ‘தவா-துவா’ என்ற அரசுத் திட்டம் வந்தது. மந்திரித்துக்கொள்வதும் மாத்திரையும் ஒரே வாரத்தில் நடக்கலாம். மந்திரித்து ஆறு மாதம் பார்த்துவிட்டு மாத்திரைக்கு வருவதில்தான் இழப்பு, ஏனென்றால் மனச்சிதைவில் சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீட்சி குறைகிறது. “கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்” என்பதும் இதே தாமதத்தின் இன்னொரு வடிவம், அதில் இன்னொரு வாழ்க்கையும் சேர்ந்து சிக்குகிறது.

உடம்பை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்

தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும்; கூடினால் பதற்றம் போலவே இருக்கும். ரத்தசோகை, பி12 குறைவு, சுகர், சோடியம் குறைவு எல்லாம் மனநிலையைப் புரட்டும். ஹீமோகுளோபின், சுகர், டிஎஸ்எச் (தைராய்டுக்கு), பி12, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் பரிசோதனை, சோடியம்-பொட்டாசியம் ஆகியவை முதல் சுற்றுக்குப் போதும். பெரும்பாலானவை அரசு மருத்துவமனையிலேயே முடியும்.

இரண்டு நிலைமைகளில் மனநல ஓபிக்குப் போகாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எழுபது வயதுத் தாத்தா நேற்றுவரை நன்றாக இருந்து, இன்று ஆளைத் தெரியாமல் உளறினால் அது பெரும்பாலும் மனநோய் அல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மருந்தின் பக்கவிளைவு, மூளைப் பாதிப்பு இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். இரண்டாவது, தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது. சபரிமலைக்கு மாலை போட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக் கட்டிலைத் தட்டுகிறார் என்றால் சாமி வந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 முதல் 72 மணிநேரத்தில் வரும் இந்த நிலையில் வலிப்பும் மரணமும் நேரலாம். வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது ஆபத்து. தயமின் (வைட்டமின் பி1) ஊசி முதலில் போட வேண்டும். வெகுநாள் குடித்தவர் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். கௌரவம் பார்த்து மறைத்தால் அந்த ஊசி தாமதமாகும்.

முதல் சந்திப்பு

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர்: எம்பிபிஎஸ் முடித்து அதற்குமேல் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படித்தவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். எம்.ஃபில். அளவில் பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ‘கவுன்சிலர்’ என்ற பலகையை மட்டும் வைத்திருப்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது, 1794-இல் தொடங்கியது. அந்தப் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்துபவர்களுக்கு அங்கே புறநோயாளிப் பிரிவும் மறுவாழ்வுப் பயிற்சியும் நடப்பது தெரிந்திருக்காது. மற்ற ஊர்க்காரர்கள் அதுவரை போக வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். எந்தக் கிழமை என்று முன்னதாகவே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மருந்து இலவசம். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், இரவிலும்.

அரசு ஓபியில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டு போங்கள்:

- முதலில் என்ன மாறியது, எந்த மாதம் (“தீபாவளிக்கு முன்பு” என்றால்கூடப் போதும்)
- தூக்கம் எத்தனை மணிநேரம், எத்தனை மணிக்கு விழிப்பு
- சாப்பாடு, எடை மாற்றம்
- குடி, கஞ்சா, புகையிலை
- இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளும்: சுகர், பிபி, நாட்டு மருந்து உட்பட
- அப்பா, அம்மா வழியில் யாருக்காவது இப்படி இருந்ததா, யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா
- முன்பு எப்போதாவது இதற்கு நேர்மாறான நிலை, அதாவது தூங்காமல் அளவுகடந்த உற்சாகத்தோடு இருந்த நாட்கள் உண்டா

கடைசி வரி முக்கியமானது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் எழுச்சிக் கட்டத்துக்குத் தள்ளிவிடக்கூடும். மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

வர மறுப்பவரை “இதய டாக்டரைப் பார்க்கப் போறோம்” என்று பொய் சொல்லி அழைத்துப்போவது ஒருமுறைதான் பலிக்கும். அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள். “ராத்திரியெல்லாம் முழிச்சே இருக்கியேப்பா, தூக்கத்துக்கு ஒரு தடவை பாத்துட்டு வரலாம்” என்றால் அது பொய்யில்லை, வருவதற்கும் வாய்ப்பு அதிகம். சாம்பாரில் மாத்திரையைக் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தெரியவரும் நாளில் “சாப்பாட்டில் எனக்கு விஷம் வைக்கிறார்கள்” என்ற அவருடைய சந்தேகத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்தவராவீர்கள்.

மாத்திரை: முதல் ஆறு வாரம்

“எல்லாம் தூக்க மாத்திரைதான்” என்பது தவறு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் முதலில் எழுதப்படுவது எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுஆக்ஸிடின் வகை. இவை பழக்க அடிமைத்தனம் உண்டாக்குபவை அல்ல. எஸ்சிடலோபிராம் 5 அல்லது 10 மி.கி.யில் தொடங்கி 20 வரை போகும். செர்ட்ராலின் 25 அல்லது 50-இல் தொடங்கி 200 வரை. காலை உணவுக்குப் பிறகு எடுத்தால் குமட்டல் குறையும்.

முதல் வாரத்தில் பக்கவிளைவு மட்டும்தான் தெரியும்: குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, கொஞ்சம் கூடுதல் படபடப்பு. பலன் அப்போது தெரியாது. இந்த வாரத்தில்தான் பலர் மனம் தளர்வது. இரண்டாம் வாரத்தில் தூக்கமும் பசியும் லேசாகத் திரும்பும். மனம் தெளிய நான்கு முதல் ஆறு வாரமாகும். ஓசிடிக்கு இன்னும் பொறுமை வேண்டும்: கூடிய அளவில், எட்டு முதல் பன்னிரண்டு வாரம். ஆறு வாரமும் சரியான அளவில் எடுத்துப் பலனில்லை என்றால்தான் மருந்து தோற்றது என்று பொருள். பதினைந்து நாளுக்கொரு மருத்துவர் என்று மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு எந்த மருந்துக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தாம்பத்தியத்தில் நாட்டக் குறைவு, உச்சம் தாமதமாவது ஆகியவை அடிக்கடி வரும், கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தையும் மாற்றலாம்.

குளோனசெபாம் போன்ற, பதற்றத்தை உடனே தணிக்கும் மாத்திரைகள் வேறு வகை. முதல் மாத்திரையே அமைதி தரும், அதுவே ஆபத்து: பழக்கமாகிவிடும். பெரிய மருந்து வேலைசெய்யும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு 0.25 அல்லது 0.5 மி.கி. கொடுப்பார்கள். சீட்டில் எழுதியிருக்கும் நாள் முடிந்ததும், மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி இதை மட்டும் தொடர்ந்து வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒரே நாளில் நிறுத்துவதும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனச்சிதைவுக்கு ரிஸ்பெரிடோன் (வழக்கமாக 2 முதல் 6 மி.கி.), ஒலான்சபின் (5 முதல் 20), அரிபிப்ரசோல் போன்றவை. ஆவேசமும் தூக்கமின்மையும் சில நாட்களில் அடங்கும். குரல்களும் சந்தேகமும் தணியச் சில வாரங்கள் ஆகும். இந்த மருந்துகளில் குடும்பம் பயந்துபோகும் நிகழ்வுகள் சில உண்டு. தொடங்கிய ஓரிரு நாளில், ஹாலோபெரிடால் போன்ற மருந்தில் குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு கண்கள் மேலே செருகிக்கொள்ளலாம். பேயும் இல்லை, வலிப்பும் இல்லை, தசைப்பிடிப்பு. அருகிலுள்ள மருத்துவமனையில் புரோமெதசின் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். மூச்சு திணறினால் 108.

இன்னொன்று அதைவிடத் தந்திரமானது. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி நடந்துகொண்டே இருப்பார். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் சொல்ல, அளவு கூட்டப்பட, நடை இன்னும் கூடும். “உள்ளுக்குள்ளே தவிப்பா இருக்கா, இல்லை கால்தான் நிக்க மாட்டேங்குதா?” என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோனில் மாதவிலக்கு நிற்கலாம், மார்பில் பால் சுரக்கலாம். திருமணமாகாத பெண் என்றால் வீட்டில் வேறு கேள்விகள் கிளம்பும் முன், அது மருந்தால் புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கூடியதாக இருக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடுங்காய்ச்சல், உடல் கட்டைபோல் விறைப்பு, நினைவு தடுமாற்றம் மூன்றும் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவு.

எடை கூடுவது மெதுவாக நடக்கும், ஒலான்சபினில் அதிகம். தொடங்கும் நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, பிபி, சுகர், கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். மூன்றாம் மாதம் மறுபடி. முதல் அளவு இல்லாமல் மூன்றாம் மாத எண்ணுக்கு அர்த்தமில்லை.

இரண்டு மருந்துகள், முழு அளவில், ஆறு வாரம் வீதம் கொடுத்தும் குரல்கள் போகவில்லையா? அப்போது குளோசபின் பற்றிக் கேளுங்கள். பல வீடுகள் இதற்கு வந்துசேரவே ஆண்டுக்கணக்கில் ஆகிறது. முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்பதுதான் தயக்கத்துக்குக் காரணம். அந்த அலைச்சலுக்குத் தகுந்த பலன் உண்டு. தொண்டை வலியுடன் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் பாருங்கள்; மலச்சிக்கலையும் சாதாரணமாக விடாதீர்கள். மாத்திரை போட மறுப்பவருக்கு மாதத்துக்கு ஓரிரு முறை போடும் நீண்டகால ஊசிகளும் உண்டு. அது தண்டனை என்று தோன்றாதபடி, அவர் தெளிவாக இருக்கும் நாளில் பேசி முடிவெடுப்பது நல்லது.

லித்தியம் எடுப்பவர்கள் வீட்டில்

இருமுனைக் கோளாறுக்கும் தற்கொலை ஆபத்தைக் குறைப்பதற்கும் லித்தியம் போல் நிரூபணமான மருந்து குறைவு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. ரத்தத்தில் 0.6 முதல் 0.8 வரை இருப்பது நீண்டகாலத்துக்கு நல்லது, 1.5-க்கு மேல் ஆபத்து. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டியது கடைசி மாத்திரைக்கு 12 மணிநேரம் கழித்து. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்து, நோய் திரும்பியவர்கள் உண்டு. இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு ரத்தம், அதற்குப் பிறகு காலை மாத்திரை. அளவு மாற்றிய ஐந்து முதல் ஏழு நாளில் ஒருமுறை, நிலைத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கிரியாட்டினினும் டிஎஸ்எச்சும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

உடலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ஏறும். கத்திரி வெயிலில் வேலை, வாந்திபேதி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், திடீரென உப்பில்லாப் பத்தியம் எல்லாம் இதில் சேரும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் சில பிபி மாத்திரைகளும் ஏற்றும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, நாக்குழறல், தள்ளாட்டம் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனை.

குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு, இருமுனைக் கோளாறுக்கான இன்னொரு மருந்தான வால்புரோயேட் எழுதினால், வேறு வழி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கருவைக் கடுமையாகப் பாதிக்கும். ஆனால் கருத்தரித்தது தெரிந்ததும் எல்லா மனநல மருந்தையும் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

பேச்சு சிகிச்சை

“நல்லதா நினைங்க, யோகா பண்ணுங்க” என்று அரை மணிநேரம் சொல்வது அறிவுரை. அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையில் 45 முதல் 50 நிமிட அமர்வுகள் பன்னிரண்டு முதல் பதினாறு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வீட்டுப்பாடம் இருக்கும். நான்காவது அமர்விலும் வீட்டுப்பாடமே வரவில்லை என்றால் என்ன முறை பின்பற்றப்படுகிறது என்று கேளுங்கள். ஓசிடியில் அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கும் பயிற்சிதான் மருந்து. வீட்டார் “கை சுத்தமாத்தான் இருக்கு” என்று பத்துமுறை உறுதி சொல்வது அன்பினால்தான், ஆனாலும் நோய்க்குத் தீனி. மனச்சிதைவில் வீட்டின் குத்தல் பேச்சு நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகிறது. “சோம்பேறி” என்று நீங்கள் திட்டுவது பல சமயம் நோயின் அறிகுறியை.

சேர்க்கையும் ‘கரண்ட்’ சிகிச்சையும்

மின்னதிர்வுச் சிகிச்சை சினிமாவில் காட்டுவது போல இல்லை. மயக்கமருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடைசெய்கிறது. சங்கிலியில் கட்டுவதையும் அதே 95-ஆம் பிரிவு தடுக்கிறது. சாப்பிடாமல் கிடப்பவர், தற்கொலை ஆபத்து உச்சத்தில் இருப்பவர், உறைந்துபோய் அசையாதவர் ஆகியோருக்கு வாரம் இரண்டு மூன்று வீதம் ஆறு முதல் பன்னிரண்டு முறை. அந்த வாரங்களின் நினைவு கொஞ்சம் மங்கும், பெரும்பாலும் திரும்பும்.

சேர்க்கைக்கு அவரே ஒப்புக்கொண்டால் எளிது. முடியாத நிலையில், அவர் நியமித்த பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு, 89-ஆம் பிரிவில் 30 நாள் வரை வைக்கலாம். நலமாக இருக்கும்போதே அந்தப் பிரதிநிதி யார் என்று எழுதிவைப்பது வீட்டுச் சண்டையைத் தவிர்க்கும். காப்பீட்டு நிறுவனம் மற்ற நோய்களுக்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

தற்கொலை எண்ணம்

நேராகக் கேட்பதால் எண்ணம் வராது. “செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?” என்று கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்றால் அன்று தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்தே அகற்றுங்கள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மேல் கையில் கொடுக்காமல் பூட்டிவையுங்கள். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே, கண்காணிப்பு கூட வேண்டும்: மனம் தெளியும் முன் உடம்பில் தெம்பு திரும்பிவிடும். 14416, 104 இரண்டிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆம் பிரிவு, ஆகவே போலீஸ் பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

எப்போது நிறுத்தலாம்

முதல்முறை மனச்சோர்வு என்றால், முழுதாகத் தெளிந்த நாளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாதம். முதல் மனச்சிதைவுக்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு, குறைந்தபட்சம். லித்தியம் ஆண்டுக்கணக்கில். குறைப்பது வாரக்கணக்கில் நடக்க வேண்டும். தேர்வு, திருமணம், வேலை மாற்றம் நடக்கும் மாதத்தில் வேண்டாம்.

எஸ்சிடலோபிராமைச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று ஓடுவது போன்ற உணர்வு வரும். இது பெரும்பாலும் மருந்து விட்டதன் விளைவு. திரும்பத் தொடங்கினால் ஓரிரு நாளில் அடங்கும். நோய் திரும்புவது வேறு: வாரங்களோ மாதங்களோ கழித்து, பழைய அறிகுறிகள் பழைய வரிசையிலேயே வரும். அந்த வரிசையை, முதலில் தூக்கமா, குளியலா, சந்தேகமா என்று, அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி மருந்துச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை மாத்திரை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாக்க வேண்டாம்.

இரண்டாண்டுக்குப் பிறகும் வேலைக்குப் போக முடியாத அளவு பாதிப்பு இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். சுயபராமரிப்பு, பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும் நோயின் கால அளவையும் வைத்து அரசு மனநல மருத்துவர் மதிப்பிடுவார். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். பழைய ஓபி சீட்டுகள்தான் கால அளவுக்கு ஆதாரம், ஆகவே ஒன்றையும் தூக்கிப்போடாதீர்கள்.